தோளில் தைத்த பஞ்சு

ஜனவரி 26, சனி

விடிந்ததிலிருந்து பனி. பல்கனிக் கதவு உறைந்து ஒட்டிவிட்டது, திறக்கவே இல்லை. பயறு வறுத்து, திரித்து, அரித்து வைத்தாகிவிட்டது. மகள் துஷியின் கலியாணச் சாறிச் சட்டை இன்னும் வரவில்லை. தையல்காரி திரும்பவும் "நாளைக்கு" என்கிறாள். அவளுடைய நாளைக்கு எந்தக் கலண்டரில் இருக்கிறதோ.

பிற்பகல் ஆஸ்பத்திரி. எங்கள் துப்புரவுக் கம்பனி முதலாளி மிஸ் வேர்னா தலையணையில் சாய்ந்து இருந்தார். முகம் சுண்டிப்போய்விட்டது. குரல் மட்டும் அதே குரல். அந்தக் குரலால்தான் டோர்வல் விமான நிலையத்தில் நாங்கள் கூட்டித் துடைக்கும் பகுதி முழுவதையும் ஆட்டி வைத்தார்.

"மலர், உன்னோட ஒரு அலுவல் கதைக்கணும்."

"முதல்ல சூப்பைக் குடியுங்க."

"நான் செத்தாப் பிறகு..."

"சும்மா இருங்க. அந்தக் கதை வேணாம். பிறகு கதைப்பம்."

சிரித்தார். சிரித்ததும் இருமல். "இருபது வருஷமா உங்கட ஆக்களோட வேலை செய்யிறன். சாவைப் பற்றி மட்டும் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டீங்க. எல்லாம் பிறகு. பிறகு எண்டா எப்ப, மலர்? செத்தாப் பிறகு நான் எப்பிடிக் கதைக்கிற?"

என்ன செய்வது, நாங்கள் அப்படித்தான். நோயாளிக்கு முன்னால் அந்தச் சொல்லை எடுப்பதில்லை. "உங்களுக்கு ஒண்டுமில்ல, எழும்பி வருவீங்க" என்று சொல்லிவிட்டுத் தோடம்பழம் உரித்துக் கொடுப்போம். நானும் உரித்தேன். ஒரு சுளைகூட இறங்கவில்லை.

வரும்போது பஸ் நெடுநேரம் வரவில்லை. கால் விறைத்துவிட்டது. அழுதது குளிரால் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜனவரி 29, செவ்வாய்

மாப்பிள்ளையின் தாய் ஃபோன் எடுத்தார். தாலிக்குப் பொன்னுருக்கு அடுத்த மாதம் 10ஆம் திகதி ஞாயிறு, அவர்கள் வீட்டில். கலியாணம் 17. ஐயர் வைத்த நாள்.

"பொன்னுருக்கினாப் பிறகு பொம்பிளை மாப்பிள்ளை முகம் பாக்கக் கூடாது. ரெண்டு வீட்டாரும் ஒரு செத்தவீடு, துடக்குவீடு மிதிக்கக் கூடாது. உங்கட மட்டக்களப்பிலை எப்படியோ தெரியாது, எங்களுக்கு இதுகள் கட்டாயம்."

ஏன், மட்டக்களப்பில் நாங்கள் என்ன காட்டிலா கலியாணம் கட்டினோம்? வாய் வரை வந்தது. விழுங்கினேன். மகளைக் கொடுக்கிற வீடு.

இவர் வேலையால் வந்து சொன்னது: துறைமுகத்தில் கொள்கலன் எல்லாம் ஐஸ், கையுறை போட்டும் விரல் போய்விட்டது. எண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிட்டேன். பொன்னுருக்கைப் பற்றிச் சொன்னேன். "சரி, அவங்கட விருப்பம்" என்றார். இவருக்கு எல்லாமே அவங்கட விருப்பம்தான்.

பெப்ரவரி 2, சனி

வெயில். ஆனால் பல்லைக் கிட்ட வைக்கும் குளிர்.

ஆஸ்பத்திரியில் மிஸ் வே.யின் கட்டிலைச் சுற்றி பூக்கூடைகள். எல்லாம் பெரிய பெரிய ஆட்கள் அனுப்பியவை. ஒரு கூடையைக் கண்ணால் காட்டினார்.

"பெப்ரவரி வந்திட்டில்ல? கறுப்பர் வரலாற்று மாசம். இந்த மாசம் மட்டும்தான் இவங்களுக்கு என்ட ஃபோன் நம்பர் ஞாபகம் வாற. மேடையில ஏத்துவாங்க, கேடயம் குடுப்பாங்க. மார்ச்சில ரோட்டில கண்டாத் தெரியாது." பிறகு கண்ணைச் சிமிட்டினார். "பெப்ரவரியில செத்தா நல்ல கூட்டம் வரும்."

"ஐயோ, வாயை மூடுங்க!"

மூடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை தோடம்பழம் உரிக்க முடியாதபடி பிடித்தார். சொன்னதை மறக்காமல் எழுதி வைக்கிறேன்.

அவருடைய அப்பா ரயிலில் பயணிகளுக்குப் படுக்கை விரிக்கிற வேலை. பெட்டி தூக்கி, சப்பாத்துத் துடைத்து. கறுப்பு ஆண்களுக்கு அந்தக் காலத்தில் ரயில் கொடுத்த வேலை அது ஒன்றுதான். பயணிகள் அந்த வேலைக்காரர் அத்தனை பேரையும் ஒரே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாம், யாருடைய பெயரோ. அப்பா இறந்தபோது கூட வேலை செய்தவர்கள் ஆறு பேர் தோளில் தூக்கினார்கள். தெருவெல்லாம் வாசலுக்கு வந்து நின்று பார்த்தது. அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் வீட்டுவேலை. அம்மா இறந்தபோது காசுக்கு வந்த இரண்டு பேர் வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"அவவும் வாழ்நாள் முழுக்க வேலை செய்தவதானே, மலர்? அவவோட வேலை செய்த பொம்பிளையள் எல்லாம் வேதக்கோயில்ல பின் வாங்கில இருந்து அழுதுகொண்டிருந்தாங்க. தூக்க ஒருத்தரையும் கூப்பிடல்ல. எனக்கு அப்ப பத்தொன்பது வயசு. அண்டைக்கே முடிவெடுத்தன். என்னை என்ட பொம்பிளையள்தான் தூக்கணும். தோளில."

ஆறு பேர். கம்பனி தொடங்கிய காலத்தில் இருந்த ஆறு பேர். அதில் ஒருத்தி மரி-ஜோ, எல்லோரிடமும் கேட்டுவிட்டாளாம். ஐந்து பேர் ஓம்.

"நீ ஒராள்தான் பிறகு, பிறகு எண்டு கொண்டிருக்கிறா. ஓம் எண்டு சொல்லு, இல்லாட்டி இல்ல எண்டு சொல்லு. நான் கோவிக்க மாட்டன்."

எங்கள் ஊரில் பெண்கள் சுடலைக்கே போவதில்லை. படலையோடு நின்று கதறிவிட்டு உள்ளே வந்து வீடு கழுவுவோம். பாடை தூக்குவதா? நானா?

"ஓம்" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். "சரி, சரி" என்றார், தமிழில். எங்களிடமிருந்து பொறுக்கியது அது.

பிள்ளையாரே, 17 முடியும் வரைக்கும் வைத்திரு. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பெப்ரவரி 5, செவ்வாய்

வேலை. மூன்றாம் வாசல் பக்கம் யாரோ பிள்ளை வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்து வைத்திருக்கிறது. புதிதாக வந்த திருகோணமலைப் பெண்ணுக்கு மா தூவி அள்ளக் காட்டிக் கொடுத்தேன்.

இடைவேளையில் மரி-ஜோ சாமான் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஹெயிற்றிக்காரி, என்னிலும் ஒரு முழம் உயரம், கம்பனியில் எனக்கு ஒரு மாதம் முன்னால் சேர்ந்தவள். அதை இன்னும் சொல்லிக் காட்டுவாள். உள்ளே மற்ற நால்வரும். நடுவில் மடக்கு மேசை. மேசையில் சவர்க்கார வாளிகளை ஏற்றிக் கட்டியிருந்தது.

ஒத்திகையாம்! உயிரோடு இருக்கிற ஆளுக்கு ஒத்திகை! சிவ சிவா என்றேன். "மிஸ் வேர்னாட கட்டளை," என்றாள் மரி-ஜோ. "கோயிற்படியில போட்டு உடைச்சு ஆக்கள் சிரிக்கக் கூடாதாம்."

ஒன்று, இரண்டு, மூன்று, தூக்கினோம். என் பக்கம் பள்ளம். எல்லோரும் உயரம், நான் கட்டை. வாளிகள் என் தலையை நோக்கி வழுக்கி வர போர்த்துக்கல்காரி கத்த, நான் கத்த, சூப்பர்வைசருக்குக் கேட்கப் போகிறது என்று யாரோ வாயைப் பொத்த, அந்த சூப்பர்வைசரே நான்தான் என்ற நினைவு வர, ஆறு பேரும் நிலத்தில் இருந்து சிரித்தோம். வயிறு நொந்தது. பிறகு ஒருத்தி அழத் தொடங்க எல்லோரும் அழுதோம்.

மரி-ஜோ யோசித்தாள். பழைய கதிரை மெத்தையைக் கிழித்துப் பஞ்சு வெட்டி, மடித்து, என் நீலக் கோட்டின் இடது தோளுக்கு உள்ளே வைத்துத் தைத்தாள். கம்பனிக் கோட்டுப் போட்டுத்தான் தூக்க வேண்டுமாம், அதுவும் கட்டளை. திரும்பத் தூக்கினோம். மட்டம். ஒரு துளி சரிவில்லை.

அந்தக் கோட்டைப் பற்றியும் எழுத வேண்டும். நெஞ்சுப் பக்கத்தில் 'மலர்' என்று தமிழில் தைத்திருக்கும். மிஸ் வே. செய்த வேலை. ஒவ்வொருத்திக்கும் அவளவள் எழுத்தில். விமான நிலைய மேலிடம் வேண்டாம் என்றது, வாசிக்கத் தெரியாதாம். "வாசிக்கத் தெரியாட்டி அவளிட்டக் கேளுங்க. வாய் இருக்குத்தானே?" என்று கூட்டத்தில் வைத்துச் சொன்னார். கொந்தராத்துப் போகும் என்று வெருட்டினார்கள். போகட்டும் என்றார். போகவில்லை. அப்பாவை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதுக்குப் பதில் அது என்று எனக்கு இந்தச் சனிக்கிழமைதான் விளங்கியது. இத்தனை வருடம் போட்டுத் திரிந்திருக்கிறேன்.

பெப்ரவரி 8, வெள்ளி

சாறிச் சட்டை வந்தது. கை இறுக்கம். திரும்பக் கொடுத்தாயிற்று.

துஷி வேலையால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். மிஸ் வே. அவளுக்குக் கலியாணப் பரிசு கொடுத்துவிட்டாராம். தன் ஒஃபிஸ் மேசை! அதை எங்கே வைக்கிற மனே என்று கேட்டேன்.

"அதுக்குக் கீழதானே அம்மா நான் படுத்து வளந்தனான்."

உண்மைதான். வந்த புதிதில் இவருக்கும் இரவு வேலை, எனக்கும் இரவு வேலை. ஐந்து வயதுப் பிள்ளையை எங்கே விடுவது? முதல் கிழமை கையோடு கொண்டு போய் வாளிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மிஸ் வே. கண்டுபிடித்தார். வேலை போச்சு என்று நின்றேன். கோட்டைக் கழற்றி மேசைக்குக் கீழே விரித்து, பிள்ளையைப் படுக்க வைத்து, "இன்னும் எத்தனை பேர் இப்பிடி ஒளிச்சு வச்சிருக்கிறீங்க?" என்று கேட்டார். ஐந்து பேர் கை உயர்த்தினோம். அந்த மாதமே பின் அறையில் பிள்ளைகளைப் பார்க்க ஒரு இரவு கார்டெரி. அரசாங்கம் அனுமதி இல்லை என்று மூட வர, பிள்ளைகளைப் படுக்கையோடு தூக்கிக்கொண்டு அந்த அலுவலக வாசலுக்குப் போனோம். மிஸ் வே.தான் முன்னால். துஷி என் தோளில் நித்திரை. அனுமதி வந்தது.

பெப்ரவரி 10, ஞாயிறு

பொன்னுருக்கு. அவர்கள் வீட்டில், பனியைத் தோண்டி வழி செய்து போனோம். துஷி வரவில்லை, வரவும் கூடாது. ஆசாரி சின்ன காஸ் அடுப்பில் பொன் உருக்க, புகை அலாரம் அடிக்கத் தொடங்கிவிட்டது. மாப்பிள்ளைப் பிள்ளை கதிரையில் ஏறி பட்டரியைக் கழற்றினான். நல்ல பெடியன், சிரிக்கத் தெரிந்தவன். பொன் குண்டுமணி போல் உருண்டு நின்றது. மங்களமாய் உருகிற்று என்றார்கள். மனம் குளிர்ந்தது, பொய் சொல்லக் கூடாது.

எல்லாம் முடிந்து தேநீர் குடிக்கும்போதுதான் சுருக்கென்றது. இனி நான் செத்தவீடு மிதிக்க முடியாது.

இன்னும் ஒரு கிழமைதானே. இருப்பார். வெள்ளிக்கிழமைகூட துஷியோடு நன்றாகக் கதைத்தாராம்.

பெப்ரவரி 11, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தடை இல்லை, ஆனாலும் பக்கத்து அறையில் யாரும் போயிருந்தால் என்று மாப்பிள்ளையின் தாய் சொன்னார். மண்டபத்துக்குப் போய் மணவறைப் பூவுக்கு நிறம் தெரிவு செய்தேன். மஞ்சளா, இளஞ்சிவப்பா. அதற்கு அரைநாள்.

மரி-ஜோ ஃபோன்: "இண்டைக்கு உன்னைக் கேட்டா."

நாளைக்கு வருவேன் என்று சொல்லு என்றேன்.

பெப்ரவரி 12, செவ்வாய்

மத்தியானம் போய்விட்டார்.

நான் கூட்டுத்தடியோடு நின்றேன். மரி-ஜோ ஃபோனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். பயணிகள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்கள்.

இன்று வேலை முடிந்து போவதாக இருந்தேன். தோடம்பழம் பையில் இருக்கிறது.

என்ட மிஸ். என்ட மிஸ்.

பெப்ரவரி 13, புதன்

அடக்கம் சனிக்கிழமை காலை. கலியாணத்துக்கு முதல் நாள்.

ஐயரைக் கேட்டேன். சொந்தமா என்றார். இல்லை. அப்போ உங்களுக்குத் துடக்கு, தீட்டு ஒன்றும் இல்லை, கலியாணம் தாராளமாய் நடக்கலாம், ஆனால் செத்தவீட்டுக்குப் போகாமல் விடுவது நல்லது. வசதியான பதில். சொந்தமாய் இருந்தால் எல்லாம் நின்றிருக்கும், நானும் போயிருப்பேன்.

மாப்பிள்ளையின் தாய்க்கு யாரோ சொல்லிவிட்டார்கள் பெட்டி தூக்கும் கதையை.

"மலர், ஒண்டு சொல்லுறன், குறை நினையாதேங்கோ. ஞாயிறு தாலி ஏறப் போற வீடு. ஆர் அவ உங்களுக்கு? என்ன முறை?"

என்ன முறை? அக்காவா? முதலாளியா? ஒரு முறையும் பொருந்தவில்லை.

"ஒரு கறுவல் மனிசிக்காக உங்கட பிள்ளையின்ரை வாழ்க்கையில விளையாடாதேங்கோ. பேந்து ஏதும் ஒண்டு நடந்தா அந்தப் பழி உங்களுக்குத்தான்."

"நாங்க மட்டும் என்ன, பாலில தோய்ச்ச ஆக்களா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டேன்! பிறகு நானே பயந்து, "இல்ல, நான் போக மாட்டன், யோசிக்காதீங்க" என்றேன். இரண்டையும் ஒரே வாயால்.

துஷி பக்கத்தில் நின்று கேட்டாள். கோபம் வந்தால் அவளுக்குப் பிரெஞ்சுதான். பொரிந்து தள்ளினாள். பிறகு தமிழில், மெதுவாக:

"அவ உங்களிட்டக் கேட்டவ. நீங்க ஓம் எண்டனீங்க."

"உனக்காகத்தான் மனே."

"நான் கேட்டனா?"

பின்னேரம் மரி-ஜோவிடம் சொன்னேன், வேறு ஆள் பார் என்று. ஏசவில்லை. ஏசியிருக்கலாம். "உன்ட இடத்துக்கு வேற ஆளைப் போட மாட்டன்," என்றாள். "அஞ்சு பேர் தூக்குவம். வந்தா வா."

பெப்ரவரி 14, வியாழன்

ரொறன்ரோவிலிருந்து மிஸ் வே.யின் தம்பி வந்திருக்கிறாராம். பெண்கள் தூக்குவது அழகில்லை, நான் ஆண்களை ஏற்பாடு செய்கிறேன் என்றாராம். மரி-ஜோ ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றிருக்கிறாள். அடங்கிவிட்டார். எல்லாச் சாதியிலும் ஒரு மாப்பிள்ளையின் தாய் இருக்கிறாள்.

வானொலியில் இரண்டு நிமிடம். 'வணிகத் தலைவர், செயற்பாட்டாளர்' என்றார்கள். கேடயங்களின் பெயரை வாசித்தார்கள். மேசைக்குக் கீழ் விரித்த கோட்டைப் பற்றி யாருக்குத் தெரியும்? வங்கிக் கதை தெரியுமா? முதல் கடன் கேட்கப் போனபோது முகாமையாளர் ஆண்பிள்ளை ஒருவரின் கையெழுத்து வேண்டும் என்றாராம். பத்து வருடம் கழித்து அந்த வங்கியையே கூட்டித் துடைக்கும் கொந்தராத்து எடுத்து, இரண்டு மாதம் செய்து, விட்டுவிட்டார். "இவ்வளவு அழுக்கு எங்களால ஏலாது" என்று கடிதம். தெருவில் கறுப்புப் பெடியன்களைப் பொலிஸ் மறித்து வைத்திருந்தால் காரை நிறுத்தி இறங்கி, பிடித்தவனின் பெயர் கேட்டு எழுதும் வரை போக மாட்டார், மழையோ பனியோ. ஒருமுறை நானும் காருக்குள். இறங்காமல் இருந்தேன், அகதிக் கடதாசி வராத காலம். திரும்பி வந்து, "நீ பயப்பிட்டது சரி. உனக்குக் கடதாசி வந்தாப் பிறகு இறங்கு," என்றார்.

கடதாசி வந்து எவ்வளவு காலம்.

கோட்டைக் கழுவி மினுக்கி அலுமாரியில் மாட்டினேன். எதற்கென்று தெரியவில்லை. தோள் பஞ்சைப் பிரிக்கக் கத்தரிக்கோல் எடுத்தேன், மனம் வரவில்லை.

பெப்ரவரி 15, வெள்ளி

வீடு நிறைய ஆட்கள். துஷிக்கு மருதாணி. இரண்டு கையும் முழங்கை வரை. பிள்ளை சிரிக்கவில்லை, நீட்டிக்கொண்டு இருந்தாள். வந்தவர்கள் பொம்பிளைக்கு வெட்கம் என்கிறார்கள். எனக்குத் தெரியும் அது வெட்கமில்லை.

எல்லோரும் போன பிறகு பாயில் என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அம்மா, கடைசியாக் கேக்கிறன். நாளைக்குப் போறீங்களா?"

"நாளண்டைக்குக் கலியாணம் மனே."

எழுந்து போய்ப் படுத்தாள்.

பெப்ரவரி 16, சனி

திரும்பவும் பனி.

துஷி காலையில் தலை அலங்காரக்காரியிடம் போகிறேன் என்றாள். சரி என்றேன். இவர் மண்டபத்துக்குச் சாமான் கொண்டு போனார், கூட்டாளியின் வானில். நான் பயற்றம் பணியாரத்துக்குப் பாகு காய்ச்சி, உருட்டி, தோய்த்து, பொரித்து. முதல் சட்டி நல்ல பதம். மஞ்சள் துணி எடுக்க அலுமாரியைத் திறந்தேன்.

வெறும் கொழுவி மட்டும் தொங்கியது. கோட்டு இல்லை.

அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன். ஃபோன் பண்ணியிருக்கலாம். நாளை மணவறையில் இருக்க வேண்டிய பிள்ளை, நில், திரும்பி வா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஓடிப் போய் அந்தக் கோட்டை அவளிடமிருந்து வாங்கியும் போட்டிருக்கலாம். அதுவும் செய்யவில்லை. இரண்டாம் சட்டி கருகிவிட்டது. மணம் வந்த பிறகுதான் எழும்பினேன்.

நான் போயிருந்தால் அவள் போயிருக்கத் தேவையில்லை. இதை எத்தனை விதமாய் எழுதினாலும் இதுதான்.

மத்தியானம் இவர் வந்தார். விறைத்துப் போய். என்னைக் குசினியில் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நீ போகல்லியா?"

"எங்க?"

"செத்தவீட்டுக்கு. நீ எப்பிடியும் போவா எண்டுதானே விடியவே எழும்பிக் காருக்குப் பனி வழிச்சு, தெரு வரைக்கும் பாதை வெட்டி வச்சன். கார்த் திறப்பும் மேசையில வச்சிட்டுத்தான் போனன்."

மேசையைப் பார்த்தேன். திறப்பு பணியாரத் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. காலையிலிருந்து கிடந்திருக்கிறது. மா கொட்டிப் போய்.

"சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினேன்.

"உனக்குச் சொல்லணுமா?" என்றார். இவரும் அழுதார். இருபத்தேழு வருடத்தில் இரண்டாம் முறை.

ஃபோன் அடிக்கத் தொடங்கியது. மாப்பிள்ளை வீட்டு நம்பர். யாரோ துஷியை வேதக்கோயில் வாசலில் கண்டு சொல்லியிருப்பார்கள். இவர் எடுக்கப் போனார், நான் தடுத்தேன். அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தது.

கதவுமணி. துஷி.

உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே, நடைபாதையில், சுவரோடு ஒட்டி நின்றாள். நீலக் கோட்டு முழங்கால் வரை பனி. நெஞ்சில் என் பெயர். மருதாணிக் கை இரண்டும் குளிரில் வெடித்து, சிவப்பா இரத்தமா என்று தெரியவில்லை.

"கிட்ட வராதீங்க அம்மா. பாத்ரூம் கதவைத் திறந்து விடுங்க. ஒண்டிலயும் முட்டாம நேர போய் முழுகிறன்."

நான் பழக்கியது. செத்தவீட்டால் வந்தால் குளித்துவிட்டுத்தான் வீட்டை முட்ட வேண்டும் என்று சின்னப் பிள்ளையில் சொல்லிக் கொடுத்தது. எல்லாவற்றையும் மீறிப் போனவள் அதை மட்டும் எனக்காக மீறாமல் நிற்கிறாள்.

"பாரமா மனே?"

"இல்ல. நான் உயரம்தானே, பஞ்சு வச்சதால என்ட பக்கம் கொஞ்சம் கூடிப் போச்சு. மரி-ஜோ குனிஞ்சு நட எண்டவ. முழங்காலை மடிச்சு, உங்கட உயரத்துக்கு நடந்தன்." கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்தாள். "விழுத்தல்ல அம்மா. ஒருத்தரும் சிரிக்கல்ல."

உள்ளே ஃபோன் விடாமல் அடித்தது.

வாசற்படியைத் தாண்டினேன். "அம்மா, வேணாம், துடக்கு" என்று பின்னால் போனாள். பின்னால் சுவர். அவளுடைய இடது தோளில் கை வைத்தேன். ஈரம். பஞ்சு தட்டையாய் அமர்ந்து கிடந்தது. மிஸ் வேர்னாவின் பாரம் அதில் இன்னும் இருந்தது. கையை எடுக்கவில்லை. முகத்தையும் அதில் வைத்தேன்.

இனி எனக்கும் துடக்கு.